பழைய கணினியில் சத்தம் வரவில்லையா? வீசுவதற்கு முன் கவனியுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் போனால், கடை ஒலிபெருக்கிகளின் தமிழ்ப் பாட்டுதான் முதலில் காதில் விழும். ஒரு காலத்தில் கேசட்டில் வாங்கிய அந்தப் பாட்டுகளில் பல இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. எந்தக் கடையிலும் கிடைக்காத கேசட்டுகளும் நம் வீடுகளில் உண்டு. தோட்டத்துத் திருவிழா, கல்யாண வீடு, வானொலி நிகழ்ச்சி, தாத்தா பாட்டியின் பேச்சு என வீட்டிலேயே பதிவு செய்தவை அவை. நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டால் அந்தக் குரல் போனதுதான். வேறு பிரதி கிடையாது.

அவற்றைக் காப்பாற்ற, மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மேசைக் கணினியே போதும். அதன் சவுண்ட் கார்டில் 'லைன்-இன்' என்ற துளை இருக்கும். பெரும்பாலும் நீல நிறம். கேசட் பிளேயரின் ஒலியை இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் துளை இது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இது இல்லை.

சத்தம் வராதது ஏன்?

கார்டு கெட்டுப்போனதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால், கணினிக்கு அந்தக் கார்டை அடையாளம் காட்டும் 'டிரைவர்' மென்பொருள் இல்லாததே பல நேரங்களில் காரணம். விண்டோஸை மறுபடி ஏற்றியவுடன் சத்தம் நின்றுபோவது இதனால்தான்.

'மை கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' வழியாக 'டிவைஸ் மேனேஜர்' பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே மஞ்சள் குறி தெரிந்தால் டிரைவர் சரியில்லை என்று பொருள்.

எந்த டிரைவர்?

மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, கார்டில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' வகைக் கார்டுகள் நம் வட்டாரத்திலும் பழக்கமானவை. அவற்றின் எண் பெரும்பாலும் 'சிடி' அல்லது 'எஸ்பி' என்று தொடங்கும்.

அந்த எண்ணுக்கும், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கும் உரிய டிரைவரையே ஏற்ற வேண்டும். விண்டோஸ் 98க்கு உரியது எக்ஸ்பியில் ஒத்துவராமல் போகலாம். டிரைவரை வேறு கணினியில் பதிவிறக்கி, வைரஸ் சோதனை செய்து, எடுத்து வாருங்கள். விண்டோஸ் 98 பென்டிரைவைத் தானாக அடையாளம் காணாது. அதற்குச் சிடியே வசதி. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் இருப்பதே நல்லது.

தாய்ப்பலகையிலும் தனியாக ஒலி வசதி இருந்தால் இரண்டும் குழம்பக்கூடும். 'பயாஸ்' அமைப்பில் அதை நிறுத்திவிடலாம்.

டாஸ் காலத்துக் கார்டுகளுக்கு எண்களை நாமே கொடுக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டருக்கு வழக்கமானவை முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. ஐஆர்க்யூ 7 என்று கொடுத்தால் பிரிண்டரோடு மோதலாம்.

பதிவு செய்யும் முறை

கேசட் பிளேயரிலிருந்து வரும் கம்பியை நீலத் துளையில் செருகுங்கள். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. அதில் செருகினால் ஒலி கரகரக்கும். பிறகு, ஒலி அமைப்பின் 'ரெக்கார்டிங்' பகுதியில் 'லைன்-இன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

எக்ஸ்பியோடு வரும் ஒலிப்பதிவு மென்பொருள் சாதாரணமாக 60 விநாடிகளில் நின்றுவிடும். எக்ஸ்பியில் இயங்கக்கூடிய 'ஆடாசிட்டி' பழைய பதிப்பு இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 600 எம்பி ஆகும். பதிவுக்கும் அதே 60 நிமிடங்கள் பிடிக்கும்.

தொடங்குமுன் பிளேயரின் தலையைச் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சை தெரியும் நாடாவை ஓட்டாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முடிந்ததும் யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.