வசனமும் பந்தியும்

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்களுக்கு இருப்பது ஒரே பைபிள், அப்புறம் ஏன் ஒரே தெருவில் நாலு சபை என்று கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கிறிஸ்தவர்களும் கேட்பார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு. வெட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல அது. பொறுமையாக உட்கார்ந்து பேச வேண்டியது.

'ஒரே புத்தகம்' என்று நாம் சொன்னாலும் அது பல நூல்கள் சேர்ந்த தொகுப்பு. புராட்டஸ்டன்ட் சபைகளின் கணக்கில் 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. பாட்டு, சட்டம், அரசர் வரலாறு, பழமொழி, தரிசனம், கடிதம் எல்லாம் அதில் உண்டு. பல நூற்றாண்டுக் காலத்தில் எபிரேயத்திலும் அரமேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டவை. சங்கீதம் கடவுளைக் கன்மலை என்று பாடினால் அது உவமை என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஜெபிக்கும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறாரே, அது அந்த ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் சொன்னதா, எல்லாருக்கும் எப்போதைக்கும் சொன்னதா? நம் ஊர் ஆலயங்களில் பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான சபைகளில் அந்த வழக்கம் போய்விட்டது. இரண்டு இடத்திலும் வாசிப்பது அதே கடிதத்தைத்தான். வியாக்கியானம் என்ற வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சரி, கருத்து பிரிந்தால் யார் தீர்ப்பது? வேதத்தையும் திருச்சபையின் மரபையும் சேர்த்தே வாசிக்க வேண்டும், அதிகாரபூர்வமான விளக்கம் சொல்லும் பொறுப்பு திருத்தந்தைக்கும் அவரோடு ஒன்றியிருக்கும் ஆயர்களுக்கும் உரியது என்பது கத்தோலிக்கரின் நிலை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆதிச் சங்கங்களையும் திருச்சபைத் தந்தையரையும் வழிபாட்டு மரபையும் பார்க்கும். புராட்டஸ்டன்ட்டுகள், வேதமே வேதத்தை விளக்கும் என்பார்கள்: தெளிவான பகுதியைக் கொண்டு மங்கலான பகுதியைப் புரிந்துகொள். கேட்க எளிமையாக இருக்கிறது. அந்த ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் மோதிக்கொண்டதைச் சொல்கிறேன், அதன் சிக்கல் புரியும்.

1529 அக்டோபர் முதல் வாரம். ஜெர்மனியில் மார்பர்க் கோட்டை. ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப், சீர்திருத்தக்காரர்கள் ஒன்றுபட்டு நிற்காவிட்டால் பேரரசர் சார்லஸின் படைபலத்துக்கு முன் பிழைக்க முடியாது என்று பயந்தார். அதனால் விட்டன்பர்க்கிலிருந்து மார்ட்டின் லூத்தரையும் சூரிச்சிலிருந்து உல்ரிச் ஸ்விங்ளியையும் வரவழைத்து எதிரெதிரே உட்கார வைத்தார். இருவரும் ரோமை எதிர்த்து நின்றவர்கள், வேதமே மேலான அதிகாரம் என்றவர்கள். அவர்களைப் பிரித்தது, சபையில் அப்பம் பகிரும் திருவிருந்து. இயேசு கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தை எடுத்து, அது தம்முடைய சரீரம் என்றார். என்ன பொருளில் சொன்னார்?

லூத்தர் சாக்கட்டியை எடுத்து, இயேசுவின் அந்த வார்த்தைகளை லத்தீனில் மேசைமேலேயே எழுதிவைத்துக்கொண்டார். அப்பம் அப்பமாக இருக்கும்போதே கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே அங்கே இருக்கிறது, ஆண்டவர் சொன்னதை நம் புத்திக்கு ஏற்றபடி தளர்த்த நமக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். ஸ்விங்ளி யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தார். மாம்சம் ஒன்றுக்கும் உதவாது, உயிர் தருவது ஆவியே என்று இயேசு அங்கே சொல்கிறார். தம்மை வாசல் என்றும் திராட்சைச் செடி என்றும் சொன்னவர் அப்பத்தைச் சரீரம் என்றதும் அதே வகைப் பேச்சுதான், உயிர்த்தெழுந்த சரீரம் பரலோகத்தில் பிதாவின் வலது பக்கத்தில் இருக்கிறதே என்றார்.

இதில் யார் வேதத்தை மதிக்காதவர்? யாரும் இல்லை. இரண்டு பேருமே தெளிவான பகுதியைக் கொண்டு மற்றதை விளக்கியவர்கள். எது தெளிவான பகுதி என்பதில்தான் பிரிந்தார்கள். லூத்தருக்கு இராப்போஜன வார்த்தைகள் பட்டப்பகல் போல் தெளிவு, யோவான் ஆறு வேறு விஷயம் பேசுவது. ஸ்விங்ளிக்கு யோவான் ஆறுதான் விளக்கு. எங்கே நின்றுகொண்டு வாசிப்பது என்பதை விதி சொல்லித் தருவதில்லை. பைபிள் விளக்கத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான், 'அவர்கள் வேதத்தை வாசிப்பதே இல்லை' என்று ஒரு சபையார் இன்னொரு சபையாரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

மார்பர்க்கில் 15 அம்சங்களாக ஓர் அறிக்கை எழுதினார்கள். 14-இல் முழு உடன்பாடு. பதினைந்தாவதிலும் பெரும்பகுதி ஒத்துப்போய், கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாக இருக்கிறதா என்ற ஒன்று மட்டும் நின்றது. எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று இருதரப்பும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டது அழகான செயல். ஆனால் ஸ்விங்ளி கண்கலங்கிச் சகோதர உறவு கேட்டபோது லூத்தர் மறுத்துவிட்டார். ஸ்விங்ளியின் தரப்பாரிடம், உங்களுக்குள் இருக்கும் ஆவி வேறு என்றார். தவறு நடந்தது அந்த இடத்தில்தான் என்பது என் தீர்மானமான கருத்து. கருத்து வேறுபாட்டை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டே வருடத்தில் காப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்ளி இறந்தார். ஐரோப்பாவின் பல லூத்தரன் சபைகளும் ஸ்விங்ளி வழி வந்த சீர்திருத்த சபைகளும் 1973-இல், சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் லாயன்பெர்க் என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கை செய்து, பழைய கண்டனங்கள் இன்றைய சபைகளின் போதனைக்குப் பொருந்தாது என்று அறிவித்து, ஒரே பந்தியில் உட்கார ஒத்துக்கொண்டன. 444 வருடம் கழித்து.

அப்படியானால் எல்லா வேறுபாட்டையும் 'அது உங்கள் விளக்கம், இது எங்கள் விளக்கம்' என்று விட்டுவிடலாமா? கூடாது. இதற்குப் பவுலிடமே போகலாம். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14-ஆம் அதிகாரத்தில் இறைச்சி சாப்பிடுகிறவரும் காய்கறி மட்டும் சாப்பிடுகிறவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல வேண்டாம் என்கிறார். ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். இரண்டு இடத்திலும் பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். ரோமில் வேறுவேறு விதமாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரே சபையில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பொறுத்துப்போகச் சொன்னவர், அந்தியோகியாவில் ஒரு கூட்டத்தார் பந்தியிலிருந்து ஒதுக்கப்படுகிறார்கள் என்பதற்காகச் சண்டை போட்டார். எந்த வேறுபாட்டைப் பொறுப்பது, எதை எதிர்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது: இந்த விளக்கத்தால் யாராவது பந்தியைவிட்டு எழுப்பப்படுகிறார்களா?

நம் மண்ணில் இந்தக் கேள்வி சாதியாக வந்தது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கு வருவதிலும் முன் பின் பார்த்தார்கள். கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் 1833-இல் அதையெல்லாம் உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். சாதி உலக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லை என்பது அவர்கள் பக்க விளக்கம். பின்னால் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுலும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார், மெள்ள மெள்ள மாறட்டும் என்றார். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்குப் பரிந்து எழுதியவர். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தியோகியாவில் பவுல் சொன்னது சரி என்றால் இந்த விளக்கம் தவறு. இதை இரண்டு நியாயமான வாசிப்புகளில் ஒன்று என்று வைக்க என்னால் முடியாது.

பொறுத்துப்போக வேண்டிய வேறுபாட்டை நன்றாகக் கையாண்டதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், மேலை நாட்டுப் பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். முன்னின்றவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. சபைகளை ஒன்றாக்கும் பேச்சில் சிக்கல் பேராயர் பதவியில் வந்தது. அந்தப் பதவி அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வருவது என்று ஆங்கிலிக்கன் சபையில் பலர் நம்பினார்கள். பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் வழியில் வந்தவர்களுக்கு வேதத்தில் அப்படி ஒன்று தெரியவில்லை. முடிவு என்ன தெரியுமா? பேராயர்கள் இருப்பார்கள், ஆனால் அந்தப் பதவிக்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏற்கெனவே இருந்த போதகர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம் என்றும் தீர்மானித்தார்கள். அசரியா 1945 தொடக்கத்தில் இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்தது.

வேலை முடிந்துவிடவில்லை. லூத்தரன் சபைகள் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. மனிதர் எப்படி நீதிமானாக்கப்படுகிறார் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் பேரவையும் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் அடிப்படை உடன்பாட்டுக்கு வந்தன. ஆனாலும் பொதுவாக நற்கருணை என்னும் திருவிருந்தில் ஒன்றாகப் பங்கெடுப்பதில்லை. கணவர் கத்தோலிக்கர், மனைவி சிஎஸ்ஐ என்று இருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. வீட்டில் ஒரே சோற்றைப் பகிர்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தைப் பகிர முடியவில்லை. குருமாரும் போதகர்களும் அடுத்த முறை கூடிப் பேசும்போது, இப்படிப்பட்ட கணவன் மனைவி நாலு பேரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.