கஞ்சாவும் காதில் கேட்கும் குரலும்

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே பிறந்த 1,037 பேரை ஓர் ஆய்வுக் குழு சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறது. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் ஏதும் கேட்கிறதா என்று பதினொரு வயதில் அவர்களிடம் விசாரித்தார்கள். பதினைந்திலும் பதினெட்டிலும் கஞ்சாவைப் பற்றிக் கேட்டார்கள். இருபத்தாறு வயதில் மனநலத்தைப் பரிசோதித்தார்கள்.

பதினைந்து வயதுக்குள் கஞ்சா பழகியவர்களில் 10 சதவீதம் பேரிடம் மனச்சிதைவு வகை நோய் தெரிந்தது. தொடாதவர்கள், ஓரிரு முறையோடு விட்டவர்கள் ஆகியோரிடம் அது 3 சதவீதம்தான். பதினெட்டை ஒட்டித் தொடங்கியவர்களிடம் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது.

பதினைந்து வயதிலேயே பழகியவர்களின் எண்ணிக்கை சிறியது. அவர்களில் சிலருக்குப் பதினொரு வயதிலேயே விசித்திரமான அனுபவங்கள் இருந்தன. அதனால் இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் சுவீடனில் 1969-70இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களின் கதையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு, அடுத்த 15 ஆண்டுகளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு கஞ்சாவைத் தொடாதவர்களைப்போல் ஆறு மடங்காக இருந்தது. அப்படி எடுத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதும் உண்மை. பரம்பரை உள்ளிட்ட வேறு காரணங்களும் சேர்ந்தே நோயைக் கொண்டுவருகின்றன. ஆனால் தன் பிள்ளை எந்தப் பக்கம் விழுவான் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய பெற்றோர் யாருமில்லை.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? விடலைப் பருவத்தில் மூளை தன் இணைப்புகளில் வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை உறுதிப்படுத்துகிறது. இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது. அதை நெறிப்படுத்த உடல் தானே சுரக்கும் சில பொருள்களின் இடத்தில் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. போய் உட்கார்ந்துகொள்கிறது. சரக்கின் வீரியமும் ஏறியிருக்கிறது: அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் சுமார் 12 சதவீதம்.

வீட்டில் இந்த நோய் எப்படித் தெரியும்? பதின்மூன்று வயதுக்கு முன் மனச்சிதைவு மிக அரிது. பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து தலைகாட்டுகிறது. பையன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். குளிப்பதில்லை, இரவெல்லாம் விழித்திருக்கிறான், மார்க் சரிகிறது. தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். அவன் பையில் ஒரு பொட்டலம் அகப்பட்டதும் வீட்டார் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடுகிறார்கள். “எல்லாம் அந்தச் சகவாசம்தான், போதை இறங்கினால் சரியாயிடும்” என்பார் அப்பா. காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போவார் பாட்டி. மாதங்கள் ஓடுகின்றன.

போதை இறங்கினால் சரியாகும் என்பது பாதி உண்மைதான். போதையால் வந்த மனக்குழப்பம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கும். ஆனால் டென்மார்க்கின் 1994-2014 மருத்துவப் பதிவுகளைப் பார்த்தவர்கள் கண்டது வேறு: கஞ்சாவால் மனநோய் கண்டவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பின்னர் மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ வந்தது. முதல் தடவை அடங்கிய பிறகும் சில ஆண்டுகள் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சிகிச்சையைப் பிரித்துச் செய்வது பெரிய கேடு. மறுவாழ்வு மையம் குரல் கேட்கும் பையனை மனநல மருத்துவரிடம் போ என்கிறது. அங்கே போனால் முதலில் போதையை விட்டுவிட்டு வா என்கிறார்கள். இரண்டையும் ஒரே குழு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மாத்திரை, ஆலோசனை, குடும்பத்துக்குப் பயிற்சி, விட்ட படிப்பைத் தொடர உதவி எல்லாம் சேர்ந்ததே வைத்தியம். கஞ்சாவை மீண்டும் தொட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் அப்படியே.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு மனச்சிதைவுக்கென்றே உழைக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன. பிள்ளையை அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், கஞ்சா விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.