குளியலறையைப் புதுப்பிக்கும் கணக்கு

எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய எங்கள் மாடிக் குளியலறையைப் புதுப்பிக்க முற்பட்டபோது, கணக்குப் பாடம் நடத்திய நான் டைல்ஸைத்தான் முதலில் கணக்கிட்டேன். தரை 40 சதுர அடி. ஏழடி உயரத்திற்குச் சுவர்கள் 182. கதவுக்கு 17½ கழித்து, வெட்டுச் சேதத்திற்குப் பத்திலொரு பங்கு கூட்டினால் 225 சதுர அடி. கணக்கில் பிழையில்லை, கைப்பணம்தான் அதிலேயே கரைந்தது. கண்ணுக்குத் தெரியாத நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் கைவிட்டேன். மூன்றாம் மாதம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. அங்குக் குடியிருந்த மூதாட்டி கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பதித்ததைப் பெயர்த்தோம். இரண்டாம் பட்டியலில் குழாய், வடிகாலை நோக்கிய வாட்டம், கசிவுத் தடுப்பு, ஒரு பகலும் ஓரிரவும் நீரைத் தேக்கிப் பார்க்கும் சோதனை ஆகியவை முன்னே நின்றன. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய பத்திலொரு பங்கை, சுவருக்குள் துருப்பிடித்திருந்த குழாய் விழுங்கிற்று. டைல்ஸ் கடைசி வரிக்குப் போயிற்று. எஞ்சிய பணத்திற்கு வெறும் வெள்ளையே கிடைத்தது.