சளியா, நிமோனியாவா? ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்க!

குழந்தை இருமினாலே ‘நெஞ்சுல சளி கட்டியிருக்கு’ என்று தைலம் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது சாதாரண சளிதான், தானாகவே சரியாகிவிடும். நிமோனியா அப்படி அல்ல.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் இருக்கின்றன. ஆக்ஸிஜன் ரத்தத்தில் கலப்பது இங்கேதான். பாக்டீரியாவோ வைரஸோ தொற்றி, இந்தப் பைகளில் நீரும் சீழும் நிரம்புவதே நிமோனியா. குறையும் ஆக்ஸிஜனை ஈடுகட்ட உடல் வேகவேகமாக மூச்சு வாங்கும். அதனால் இருமல் சத்தத்தைவிட மூச்சின் வேகத்தைத்தான் கவனிக்கணும்.

எப்படி? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ ‘காலையில பாத்துக்கலாம்’ என்பதே கூடாது. நேராக மருத்துவமனைதான்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மா விஷயம் இன்னும் சிக்கல். வயதானவர்களுக்குக் காய்ச்சல், இருமல் இல்லாமலேயே நிமோனியா வரலாம். திடீர்க் குழப்பமான பேச்சு, சாப்பாடு இறங்காமை, எழுந்தால் தள்ளாட்டம்... ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று போனிலேயே முடித்துவிடுகிறோம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் அஸித்ரோமைசின் இதற்குத் தீர்வல்ல. பாக்டீரியா தொற்றுக்குத்தான் ஆன்டிபயாடிக் வேலை செய்யும், வைரஸுக்குச் செய்யாது. எது என்பதை டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்வார். ஆக்ஸிஜன் குறைந்தால் மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கும்.

தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும் நிமோகாக்கல் தடுப்பூசி, 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆறாவது வாரம், 14-வது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு. 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கலாம். ஃப்ளூ ஊசி மட்டும் ஆண்டுதோறும் போடணும். வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பவர் இருந்தால், அந்தப் புகை குழந்தையின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.