கிரெடிட் என்றால் கடனா, வரவா?

குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் களைகட்டிவிட்டால் தென்காசி வட்டாரக் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. சரக்கோடு வரும் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துப் பாராமல் கம்பியில் குத்தி வைத்து விடுகிறோம். நம்மில் பலர் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆங்கிலப் புலமை நமக்குத் தேவையில்லை. ஆனால் சில சொற்களில் தடுமாறினால் கைமுதலுக்கே நஷ்டம் வரும்.

நாம் மொத்த வியாபாரம் தொடங்கிய புதிதில் நடந்தது இது. வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த சரக்கில் சில பெட்டிகள் நனைந்திருந்தன. திருப்பி அனுப்பினோம். சில நாளில் தபாலில் ‘கிரெடிட் நோட்’ வந்தது. நமது கடையிலோ ‘கிரெடிட் கிடையாது’ என்று போர்டு தொங்கிற்று. கிரெடிட் என்றால் கடன், ஏதோ பாக்கி கேட்கிறார்கள் என்று எண்ணி, அந்தத் தொகையையும் சேர்த்து அனுப்பிவிட்டோம்! ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். “அண்ணாச்சி, இது நாம கொடுக்க வேண்டியதில்லை, நமக்கு வர வேண்டியது” என்றார். எழுதிக் கேட்டு, அடுத்த பில்களில் கழித்துக்கொள்ள மூன்று மாதமாயிற்று. அதுவரை முதல் முடங்கிக் கிடந்தது.

நமது பேரேட்டில் பற்று, வரவு என்று எழுதுகிறோம் அல்லவா? டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. விற்றவர் கிரெடிட் நோட் அனுப்பினால், தமது பேரேட்டில் நம் பெயருக்கு அத்தொகையை வரவு வைத்துவிட்டார் என்று பொருள். நமது பாக்கி அந்த அளவு குறையும். டெபிட் நோட் அனுப்பினால் நம் பெயரில் பற்று எழுதியிருக்கிறார், பாக்கி கூடும்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 முதல் இதில் இன்னும் கவனம் தேவை. சரக்கு திரும்பினாலோ, பில்லில் தொகை கூடிவிட்டாலோ, விற்றவர் கிரெடிட் நோட் போட்டால்தான் அவரது வரி குறையும். அதையும் அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் கணக்கில் காட்ட வேண்டும். வாங்கியவரும் தாம் எடுத்த வரி வரவை அந்த அளவு குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, லேபிளில் உள்ள தேதி. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சரக்கின் தரம் முழுமையாக இருக்கும் காலம். அது கடந்தால் ருசியும் மணமும் குறையலாம். ‘எக்ஸ்பைரி’, ‘யூஸ் பை’ என்றால் அந்தத் தேதிக்குப் பின் விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் இந்த இரண்டாவது தேதியையே கட்டாயமாக்கின. தட்டில் வைத்து விற்கும் அல்வா போன்ற இனிப்புகளுக்கு 2020 அக்டோபர் 1 முதல் பெஸ்ட் பிஃபோர் தேதி எழுதி வைக்க வேண்டும். சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

‘நெட்’ என்பது உள்ளிருக்கும் சரக்கின் எடை மட்டும். ‘கிராஸ்’ என்பது டின், சாக்கு, பெட்டி எல்லாம் சேர்ந்த எடை. விலை பேசும்போது நெட் எடைக்கே பேசுங்கள். பென்சில் போன்றவற்றில் ஒரு கிராஸ் என்றால் 12 டஜன், அதாவது 144 எண்ணிக்கை. அது வேறு கணக்கு.

கடைசியாக, போர்டு எழுதுவோர் கவனத்திற்கு: ‘ஸ்டேஷனரி’ என்பதில் கடைசி ‘ஆர்’ எழுத்துக்கு முன் ‘ஈ’ வந்தால் எழுதுபொருள். ‘ஏ’ வந்தால் நகராமல் நிற்பது என்று பொருள். நகராத கடை என்று நாமே போர்டு மாட்ட வேண்டாம்!

புரியாத காகிதம் வந்தால், பணம் அனுப்புமுன் கணக்கரிடம் காட்டிக் கேளுங்கள். கடையில் நிற்கும் பையன்களுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். சரக்கை இறக்கி வைப்பவர்கள் அவர்கள்தானே.