ஒன்பது தட்டும் ஒரு வயிறும்

பெரிய வெள்ளைத் தட்டு. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ ஒன்று, அதைச் சுற்றி மூன்று சொட்டு சாஸ். இந்தப் படம் கண்ணில் பட்டால் போதும், “இதைத் தின்னுட்டு வெளியில வந்து நாலு பரோட்டா சாப்பிடணும்” என்று நம்மில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவோம். ஃபைன் டைனிங் என்றால் காசு நிறைய, சாப்பாடு கொஞ்சம் என்பது ஊரறிந்த எண்ணம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் இருப்பது முழுச் சாப்பாடு இல்லை, அதில் ஒரு வாய். டேஸ்டிங் மெனுவில் நாம் ஆர்டர் கொடுப்பதில்லை. அன்றைக்கு என்ன, எந்த வரிசையில் என்பதைத் தலைமைச் சமையற்காரரே முடிவு செய்கிறார். சின்னச் சின்ன அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு வரவுக்கும் கோர்ஸ் என்று பெயர். ஏழு கோர்ஸ் உண்டு, பதின்மூன்றும் உண்டு. ஸ்பெயினில் ஃபெரான் அட்ரியா நடத்திய எல் புல்லி உணவகம், 2011இல் மூடுவதற்கு முன் முப்பதையும் தாண்டிப் பரிமாறியது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒன்பதில் நிற்போம்.

கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் யவுன்ட்வில் என்றொரு சிற்றூர். அங்கே தி ஃப்ரெஞ்ச் லாண்டரி என்ற உணவகத்தை 1994இல் சமையற்காரர் தாமஸ் கெல்லர் வாங்கினார். பழைய கல் கட்டடம், ஒரு காலத்தில் அங்கே உண்மையிலேயே சலவைக்கடை இருந்தது. இப்போது தினமும் இரண்டு மெனு, ஒவ்வொன்றிலும் ஒன்பது கோர்ஸ். ஒன்று மீனும் இறைச்சியும் கலந்தது, மற்றொன்று முழுக்கக் காய்கறி. ஒரு மெனுவில் ஒரு முறை வந்த பொருள் மறுபடி வராது என்பதை அவர்கள் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு சின்ன அளவு? கெல்லரின் காரணம் எளிமையானது. ஒரு பதார்த்தத்தின் முதல் வாய் நம்மை நிமிர வைக்கிறது, இரண்டாவதும் நன்றாக இருக்கிறது. நாலைந்து வாய்க்குப் பிறகு நாக்கு அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. அதன்பின் நடப்பது வயிற்றை நிரப்பும் வேலைதான். ஆகவே, ‘இன்னும் ஒரு வாய் இருந்திருக்கலாமே’ என்று தோன்றும் இடத்தில் தட்டைக் காலி ஆக்கிவிட வேண்டும் என்கிறார்.

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. கல்யாணப் பந்தியில் என்ன செய்கிறோம்? சாம்பார் சாதத்தில் நாலு கவளம் போனதும் கை தானாக உருளைக்கிழங்கு வறுவல் பக்கம் போகிறது. பிறகு அப்பளம் ஒரு கடி, ஊறுகாய் ஒரு தொடல், மறுபடி சாதம். நாக்கு அலுக்கும் முன் நாமே இடம் மாறிக்கொள்கிறோம். “இனி ஒரு பருக்கைகூட இறங்காது” என்று இலையை மறித்த கை, பாயசம் வந்ததும் மெல்ல விலகுகிறது. வயிற்றில் புதிதாக இடம் எதுவும் முளைத்துவிடவில்லை. அலுத்தது சோறு, பாயசம் இன்னும் அலுக்கவில்லை, அவ்வளவுதான். பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1981இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். வயிறாரச் சாப்பிட்ட உணவின் மீது விருப்பம் சரிந்தது, சாப்பிடாத உணவுகளின் மீது அவ்வளவாகச் சரியவில்லை.

ஆக, இலை தன் பலவகைச் சுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, டேஸ்டிங் மெனு அவற்றையே மூன்று மணி நேரத்துக்கு நீட்டி வரிசையில் நிறுத்துகிறது. ஐரோப்பியப் பெருவிருந்துகளிலும் முன்பு மேசை நிறையப் பரப்பி வைப்பதுதான் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பாணி பரவிய பிறகே ஒன்றன்பின் ஒன்றாக, சூடு ஆறாமல் கொண்டுவரும் முறை அங்கே ஊன்றியது. இதில் ஒரு இழப்பும் உண்டு என்பது என் கருத்து: எதை எதோடு சேர்ப்பது என்ற உரிமை நம் கையிலிருந்து சமையலறைக்குப் போய்விடுகிறது.

இப்போது வயிற்றுக்கு வருவோம். ஒன்பது கோர்ஸ் என்று எழுதியிருந்தால் ஒன்பதோடு நிற்காது. தொடக்கத்தில் ஒரே வாயில் போடும் சிற்றுண்டிகள் வரும், அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நடுவே ரொட்டியும் நல்ல வெண்ணெயும். கடைசியில் சாக்லேட், மிட்டாய். வயிறு நிறைந்த செய்தி நமக்கு உறைக்கச் சற்று நேரமாகும். மூன்று மணி நேரத்தில் அது தாராளமாக உறைத்துவிடும். பசியோடு வெளியேறுபவர்களைவிட, எட்டாவது கோர்ஸில் திணறுபவர்களே அதிகம். மதியம் லேசாகச் சாப்பிடுங்கள், பட்டினி கிடக்காதீர்கள். ருசியாக இருக்கிறதே என்று ரொட்டியை முதலிலேயே காலி செய்துவிடாதீர்கள்.

வரிசை பெரும்பாலும் லேசானதிலிருந்து கனமானதை நோக்கிப் போகும். கெல்லர் தொடங்குவது ஒரு குட்டிக் கூம்பில், உள்ளே பச்சை சால்மன் மீன். ஐஸ்கிரீம் கடையில் கோன் வாங்கியபோது தோன்றிய யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து அவருடைய பேர்பெற்ற ‘சிப்பியும் முத்தும்’. முத்து என்றால் வேறொன்றுமில்லை, நம் ஜவ்வரிசிதான். அதை முட்டைக் கரு சேர்த்த குழைவான சாஸில் இட்டு, மேலே சிப்பியும் மீன்முட்டையும் வைப்பார்கள். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதன்பின் காய், மீன், இறைச்சி, சீஸ், இனிப்பு என்று நகரும்.

எந்தக் கரண்டியை எடுப்பது என்று பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு கோர்ஸுக்கும் புதிதாக வைத்துவிடுவார்கள். கையால் சாப்பிட வேண்டியது எது என்பதையும் பரிமாறுபவரே சொல்வார்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவானாலும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், என்ன சாப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் அவர்கள் சரக்கு வாங்குகிறார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறை தடுமாறும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சைவம் என்றால் முட்டையும் சேர்த்தி. முட்டை, மீன் சாறு, ஜெலட்டின் எதெல்லாம் ஆகாது என்று தனித்தனியாக எழுதுங்கள். முதல் முறை போகிறவர்களுக்குச் சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலிலுள்ள அவர்தனா போன்ற இடமே நல்லது என்பேன். அங்கே தென்னிந்தியச் சுவைகளே கோர்ஸ் கோர்ஸாக வருகின்றன, ரசத்தைக்கூட காபி வடிக்கும் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸிலிருந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுகிறார்கள். பழகிய ருசியாக இருந்தால் சமையற்காரர் எங்கே கை வைத்திருக்கிறார் என்பது நாக்குக்கு உடனே தெரியும்.

கடைசியாகக் காசு. ஃப்ரெஞ்ச் லாண்டரியில் ஒருவருக்கு 350 டாலருக்கு மேல் ஆகும். பல இடங்களில் சினிமா டிக்கெட் மாதிரி முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். சிகாகோவில் அலினியா உணவகத்தார் 2011இல் தொடங்கிய நெக்ஸ்ட் உணவகம் இந்த முறைக்குப் பேர்போனது. வராமல் போகிறவர்களால் மீனும் காயும் வீணாகிற தொல்லை இதில் குறைகிறது. மெனுவில் சில வரிகளின் பக்கத்தில் தனியாக ஒரு தொகை இருந்தால் அது கூடுதல் கட்டணம், “எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று அவர்கள் பணிவாகக் கேட்பது இலவசமில்லை. ஒவ்வொரு கோர்ஸுக்கும் பொருத்தமாக ஊற்றும் ஒயினுக்கும் தனி விலை. மது வேண்டாம் என்பவர்களுக்குப் பழச்சாறு, தேநீர் வகையில் அதே மாதிரி வரிசை தருகிற இடங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். பில் வந்ததும் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் டிப்ஸ் தனியாக வைக்க வேண்டியதில்லை.