ரோமாபுரி எட்டாவிட்டால் என்ன? திருச்சுழிக்குப் போகலாம்!

கணவனும் மனைவியும் ஜோடியாக ஊர் சுற்றிப் பார்ப்பது தனி இன்பம். வசதி உள்ளவர்கள் ஐரோப்பாவுக்கே போகிறார்கள். ரோமாபுரியில், கி.பி. 80-ல் திறக்கப்பட்ட கொலோசியம் என்ற வட்டரங்கைப் பார்க்கிறார்கள். ஏதென்ஸ் நகரத்தில் குன்றின் மேல் நிற்கும் பழைய கோவிலைப் பார்க்கிறார்கள். வெனிஸ் நகரத்தில் படகில் ஏறி வீதி வீதியாகப் போகிறார்கள். ஆமாம், அங்கே வீதியெல்லாம் தண்ணீர்!

அருப்புக்கோட்டையில் தறியில் உட்காரும் தம்பதிக்கு இதெல்லாம் எட்டுமா?

எட்டாது. ஆனால், அந்த வெனிஸ் நகரத்துக்காரர் ஒருவர் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் நம் பாண்டிய நாட்டைப் பார்த்துவிட்டுப் போய், அதிசயம் அதிசயமாகச் சொன்னார். அவர்தான் மார்க்கோ போலோ. வெனிஸ்காரர் கடல் கடந்து வந்து பார்த்த நாடு, பக்கத்தில் இருக்கும் நம் கண்ணில் படாமல் இருக்கலாமா?

மணல் ஓடும் ஆறு

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் திருச்சுழி. வழியெல்லாம் கரிசல் காடு. பருத்தி, மிளகாய், கம்பு, சோளம் விளையும் மானாவாரி நிலம். மழை பொய்த்த இடங்களில் சீமைக் கருவேல மரம். அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களும் உண்டு.

ஊர் ஓரமாகக் குண்டாறு. பெயர்தான் ஆறு! மழைக் காலம் தவிர மற்ற நாட்களில் மணல்தான். ஆனால் இந்த ஊரின் பெயரே வெள்ளத்தால் வந்தது என்கிறது தல புராணம். ஊழி வெள்ளம் பெருகி வந்ததாம். சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டு, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்தாராம். அதனால் திருச்சுழியல், இன்று திருச்சுழி.

கோவிலில் சுவாமி பெயர் திருமேனிநாதர். பூமிநாதர் என்றும் சொல்வார்கள். அம்மன் பெயர் துணைமாலையம்மை. சுந்தரர் தேவாரம் பெற்ற தலம் இது. பாண்டிய நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் 14, அவற்றில் ஒன்று.

வக்கீல் வீடு

கோவிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. அவசியம் பார்க்க வேண்டிய வீடு. இங்குதான் 1879 டிசம்பர் 30-ம் தேதி, ஆருத்ரா தரிசன வேளையில், ரமண மகரிஷி பிறந்தார். சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்று அது நினைவு இல்லம். வெளிநாட்டவரும் தேடி வருகிறார்கள்.

அவருடைய தந்தை சுந்தரம் ஐயர். மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுதத் தொடங்கி, பிறகு ஊரில் பெயர் பெற்ற வக்கீலானவர். வீட்டில் ஒரு பாதியை விருந்தினருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரிகளும் முதலில் அங்கேதான் தங்குவார்கள். வழிப்பறிக்காரர்கள் கூட அவர் வண்டியை மறித்தால், ஆளைத் தெரிந்ததும் விட்டுவிடுவார்கள் என்று சொல்லுவதுண்டு.

வந்தவருக்கெல்லாம் சமைத்துப் போட்டவர் அவர் மனைவி அழகம்மாள். இந்தத் தம்பதியில் பெரிய பயணம் செய்தவர் இவர்தான். ஆனால் அது உல்லாசப் பயணம் அல்ல!

1892-ல் கணவர் காலமானார். குடும்பம் சிதறியது. 1896-ல், 16 வயது மகன் மதுரையில் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். அவன் திருவண்ணாமலையில் இருப்பதாகத் தகவல் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆயிற்று. 1898-ல் தாய் தேடிப் போனார். அழுக்கு மேனியும் சடை பிடித்த தலையுமாக உட்கார்ந்திருந்த மகனைக் கண்டுபிடித்தார். “வீட்டுக்கு வா” என்று நாள்தோறும் கெஞ்சினார். மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில், நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். தாய் வெறும் கையோடு திரும்பினார்.

எந்தத் தாய்க்கு மனம் ஆறும்?

1916-ல் அழகம்மாள் மறுபடியும் திருவண்ணாமலைக்குப் போனார். இந்தத் தடவை மகனை அழைக்கவில்லை, அவருடனேயே தங்கிவிட்டார். மலைமேல் இருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922 மே 19-ம் தேதி மகன் பக்கத்தில் இருக்க உயிர் நீத்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது.

திருச்சுழிக்குப் போகிறவர்கள் காலையிலேயே புறப்படுவது நல்லது. மத்தியானம் கோவில் நடை சாத்திவிடுவார்கள். கையில் குடிதண்ணீர் இருக்கட்டும். ரயிலில் போக விரும்பினால், விருதுநகர்-மானாமதுரை பாதையில் திருச்சுழிக்கும் ஸ்டேஷன் உண்டு. ஆனால் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போகவும். திரும்பும்போது அருப்புக்கோட்டையில் மல்லிகைப் பூ வாங்க மறந்துவிட்டு, மனைவியிடம் அகப்பட்டுக் கொள்ளாதீர்கள்!